பேய்க்குச் சிரித்தவள்

நேற்று ஒரே மூச்சில் முடிந்த சிரிப்புக்கு இன்று தமயந்திக்கு மூச்சு போதவில்லை.

திரையில் ஓடியது அதே படத்துண்டுதான். நீளமுடி வைத்த பையன்கள் நான்கு பேர் ஒரு பழைய வீட்டுக்குள் கிட்டாரை அலறவிடுகிறார்கள். அந்த வீட்டுப் பேய் முகத்தில் மாவை அப்பிக்கொண்டு, தலைவிரிகோலமாக அவர்களைப் பயமுறுத்த வருகிறது. ஹெவி மெட்டல் சத்தம் தாங்காமல் காதுகளைப் பொத்திக்கொண்டு, பைத்தியம் பிடித்ததுபோல் சிரித்தபடி ஓடிப்போய்க் கதவில் முட்டிக்கொள்கிறது. படத்திலேயே பெரிய காமெடி இதுதான் என்று டைரக்டர் ரங்கா சொல்லியிருந்தார். துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக மாட்டியிருந்ததால், பேய் முட்டிக்கொண்டதும் காட்சி மறுபடி முதலிலிருந்து வரும். வாயசைவுக்குச் சரியாகச் சிரிப்பு விழும்வரை வந்துகொண்டே இருக்கும்.

லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டின் படுக்கையறையைத்தான் டப்பிங் தியேட்டராக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தைகள், அவற்றின்மேல் ஆணியடித்த சாக்குத்துணி. போன மழைக்கு நனைந்து காயாத பஞ்சின் வாடையும் யாரோ எப்போதோ பிடித்த சிகரெட்டின் வாடையும் அந்த அறையை விட்டுப் போவதேயில்லை. வெளியே மத்தியான வெயிலில் பஸ்கள் ஹாரன் அடித்துப் போய்க்கொண்டிருக்கும். அதில் ஒரு துளிகூட உள்ளே வராது. உள்ளே இருந்ததெல்லாம் ஹெட்ஃபோனில் உறுமும் கிட்டாரும் தமயந்தியின் மூச்சும்தான்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்த நாளாக அவள் சீரியல்களில் யார் யாருக்கோ அழுதவள். கண்முன்னால் ஒரு வாய் அசைந்தால் தன் வாயும் தானாக அசைந்துவிடும். அந்தப் பழக்கம்தான் அவளுக்கும் மகள் ஷில்பாவுக்கும் சோறு போட்டது.

“டெஸ்மண்ட், இது நேத்து போட்ட லூப்தானா? நீளமா இருக்கே.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெஸ்மண்ட்தான் ஒலிப்பதிவாளன். படத்தில் அலறும் கிட்டாரும் அவன் வாசித்ததே. “அதேதான் அக்கா. யாரும் தொடவே இல்ல.”

அவன் பக்கத்திலிருந்த ரங்கா மைக்கை இழுத்து, வழக்கம்போல் கன்னடம் கலந்து பேசினார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம். சிரிப்புதானே, கொஞ்சம் ஜாஸ்தி இழுங்க. அஷ்டே, அவ்வளவுதான்.”

மறுபடி ஓடியது. பேய் கதவில் முட்டிக்கொண்டது. வாய் மூடவில்லை. கதவோடு ஒட்டி நின்று சிரித்துக்கொண்டே இருந்தது. தமயந்தி இப்போதுதான் வாயை விட்டுக் கண்களைப் பார்த்தாள். அவை சிரிக்கவில்லை. கன்னத்து மாவில் கண்ணீர் வழிந்த தடங்கள் இருந்தன.

“சார், இந்தம்மா யாரு?”

“பாகீரதின்னு பேரு. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ்ல தையல் வேலை. செம ஆர்ட்டிஸ்ட் மேடம்! நான் கட் சொன்ன பிறகும் சிரிப்பு நிக்கல. யூனிட்டே வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிச்சோம். வேன்ல ஏத்தி வீட்டுல விடறவரைக்கும் சிரிச்சிட்டே போனாங்க.”

“அவங்களையே டப்பிங்குக்குக் கூப்பிட்டிருக்கலாமே?”

ரங்கா மைக்கைத் தள்ளிவைத்தார். டெஸ்மண்டின் குரல்தான் தயங்கித் தயங்கி வந்தது. “இறந்துட்டாங்க அக்கா. வீட்டுக்குப் போயும் நிக்கலையாம். ஒரு வாய் தண்ணிகூட இறங்கலையாம். சிரிச்சிக்கிட்டேதான்...”

“டேய், அதெல்லாம் இப்ப எதுக்கு? டேக் போடு,” என்றார் ரங்கா.

“வேணாம் சார். வேற யாரையாவது பாருங்க. நான் கிளம்பறேன்.” ஹெட்ஃபோனைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

விளக்கு அணைந்தது. திரை ஒளிர்ந்தது. எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு வாய் திறந்தது.

அவள் வாயும் திறந்தது.

சிரித்தாள். தானாக. நேற்றைவிட அச்சாக. ஒவ்வொரு இழுப்பும் அந்த உதடுகளின்மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். இமை இறங்கவில்லை. கிட்டார் உறுமியது. பேய் ஓடி வந்தது. இந்தமுறை கதவுக்குப் போகவில்லை. நேராக வந்தது. முகம் பெரிதானது. இன்னும் பெரிதானது. சிரிப்புக்கு நடுவே உதடுகள் குவிந்து விரிந்தன. ஒரு சொல். உதடு படித்தே பிழைத்தவளுக்கு அது புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

“வாங்கிக்கோ,” என்றாள் தமயந்தி, மைக்கில்.

பாகீரதியின் வாய் மெல்ல மூடியது.

இரண்டு கைகளாலும் கன்னங்களைத் தடவிக்கொண்டாள். வெகுநாள் கழித்து வலி விட்டவளைப்போல் பெருமூச்சு விட்டாள். பிறகு திரும்பி, அந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

வளையம் சுற்றி வந்தது. பையன்கள். கிட்டார். பழைய வீடு. பேய் இல்லை.

சிரிப்பு நிற்கவில்லை.

தமயந்தி ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். தாடையை அழுத்தினாள். உதடுகளை விரல்களால் சேர்த்துப் பிடித்தாள். விரல்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஷில்பா என்று கூப்பிடப் பார்த்தாள். அதுவும் சிரிப்பாகவே வந்தது. மூச்சு இல்லை. மூச்சு இல்லாமலும் சிரித்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். நிறுத்துங்க. யாராவது நிறுத்துங்க.

ரங்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். டெஸ்மண்டும்தான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் பார்த்தாள். டெஸ்மண்ட் இரண்டு கைகளாலும் தன் தாடையை மேலே தள்ளிக்கொண்டிருந்தான். ரங்கா எழுந்தார். தடுமாறி வந்தார். கண்ணாடியில் சாய்ந்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அகலத் திறந்த வாய் மட்டும் கண்ணாடியில் அழுந்தி, அதைச் சுற்றி வெள்ளையாக ஆவி படர்ந்துகொண்டே இருந்தது.