ரிலீவர் வரும் வரை

கல்கத்தா அலிப்பூரில் அந்த வீட்டின் இரும்புக் கேட் முன்னால் மஹாதேவன் முதல் நாள் வந்து நின்றபோது காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. செக்யூரிட்டி ஏஜென்சி கொடுத்த சட்டைக்குள் இன்னொரு மஹாதேவனுக்கும் இடம் இருந்தது. வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் அவரை உட்கார வைத்திருந்த கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மூடிக்கொண்டது. பென்ஷன் கிடையாது. இது நிற்கிற வேலை. பன்னிரண்டு மணி நேரம், மாதம் ஒன்பதாயிரம். லேக் மார்க்கெட் சந்தில் ஓர் அறைக்கு வாடகை, மனைவி காமுவின் இன்சுலின், மிச்சமிருந்தால் சாப்பாடு.

வீட்டுக்காரர்கள் லண்டனில் இருந்தார்கள். ஆளில்லாத அறைகளில் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று ஏழு ஏ.சி. இரவும் பகலும் ஓடின. அவை கக்கும் சூட்டுக் காற்று வந்து விழுகிற இடம்தான் காவல்காரரின் இடம். நாற்காலி இல்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்களாம்.

ஏஜென்சி சூப்பர்வைசர் ஜெயந்த், கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பையன், விதியைச் சொன்னான்.

"ரூல் ஒண்ணுதான் அங்கிள். ரிலீவர் வராம போஸ்டை விட்டு நகரக் கூடாது. அவர் வந்து சாவியை வாங்கிண்டு, 'சார்ஜ் எடுத்துண்டேன், நீங்க போங்கோ'ன்னு சொல்லணும். அப்புறம்தான் கிளம்பலாம். எல்லா இடத்திலயும் அப்படித்தான்."

"இங்கேயும்தானே?"

ஜெயந்த் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். "இங்க வேண்டாம். நைட் ஆள் ஹால்தார், கொஞ்சம் ஷை டைப். ஏழு மணிக்குச் சாவியை அந்த ஆணில மாட்டிட்டுப் போங்கோ. காலம்பற அதுலேர்ந்தே எடுத்துக்கோங்கோ. வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம்."

பன்னிரண்டு நாள் ஆயிற்று. கூச்ச சுபாவமுள்ள ஹால்தாரை மஹாதேவன் பார்க்கவே இல்லை. காலையில் சாவி ஆணியில் தொங்கும், பனிக்கட்டி போலச் சில்லென்று. அதே கயிற்றில் கட்டிய விசிலின் வாய் ஈரமாக இருக்கும். பீடி வாசனையும் நனைந்த கம்பளி வாசனையும் வரும். ஆணிக்குப் பக்கத்தில், சுவரில் தோள் உயரத்துக்கு ஒரு கறுப்புத் தடம். வருஷக்கணக்காக ஒரு முதுகு சாய்ந்த தடம். அது மட்டும் தினமும் வேர்த்திருக்கும்.

எதிரே டீ விற்கிற பௌதியிடம், மண் குவளையை வாங்கிக்கொண்டே விசாரித்தார். அங்கே அண்ணி என்றால் பௌதி, அண்ணன் என்றால் தாதா.

"ஹால்தார் தாதாவா? போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்துல போயிட்டாரே."

"எங்கே?"

பௌதி மேலே கையைக் காட்டினாள்.

"ரிலீவர் வரலை. ரெண்டு நாள், ரெண்டு ராத்திரி நின்னுகிட்டே இருந்தார். மூணாம் நாள் காலையில அந்தச் சுவரோட சரிஞ்சுட்டார். ஒருத்தரும் வந்து 'போங்க'ன்னு சொல்லலை."

"ராத்திரி விசில் கேக்கறதுன்னு சொல்றாளே?"

"கேக்கும். செத்துட்டா லீவு குடுத்துடுவாங்களா?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டீ ஊற்றப் போய்விட்டாள்.

மஹாதேவன் பயந்தார். முறையாகத்தான் பயந்தார். ஆனால் அலிப்பூரிலிருந்து லேக் மார்க்கெட் வரை நடந்தே போகிறவருக்குப் பாதி வழியில் கால்வலி பயத்தை முந்திக்கொண்டது. வீட்டில் காமு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள்.

"நேரத்துக்கு டூட்டிக்கு வராரோல்லியோ? உங்க பழைய ஆபீஸ்ல உசிரோட இருந்தவா யார் நேரத்துக்கு வந்தா?"

அடுத்த புதன்கிழமை பிற்பகல் நாலு மணிக்குப் பக்கத்து அறை வசுமதி போன் செய்தாள். சர்க்கரை இறங்கி, காமு மயங்கி விழுந்துவிட்டாள். மஹாதேவன் ஜெயந்தைக் கூப்பிட்டார்; எடுக்கவில்லை. போஸ்டை விட்டுப் போனால் வேலை போய்விடும்.

சுவரைப் பார்த்தார். நல்ல வெயில். தடம் காய்ந்து கிடந்தது.

"ஹால்தார் தாதா," என்றார் மெதுவாக. "இன்னிக்கு மூணு மணி நேரம் முன்னாடியே வர முடியுமா?"

சாவியை ஆணியில் மாட்டினார்.

தடம் மெல்ல வேர்த்தது.

காற்று இல்லை. சாவி ஆடியது.

தெருமுனை திரும்பும்போது, பட்டப்பகலில், பின்னால் விசில் கேட்டது.

காமு பிழைத்துக்கொண்டாள். பிழைக்காமல் போனது வேலை. சனிக்கிழமை காலை ஜெயந்த் போன் செய்தான்.

"கேமராவை ஆபீஸ்காரா பார்த்தா அங்கிள். புதன்கிழமை நீங்க போனப்புறமும் கேட் தானா திறந்து தானா மூடியிருக்கு. கூரியர் வந்து கையெழுத்தெல்லாம் ஆகியிருக்கு. பகலுக்கும் தனி ஆள் எதுக்குன்னு ஆபீஸ்ல கேக்கறா. திங்கக்கிழமை யூனிஃபார்மைக் கொண்டு வந்து குடுத்துடுங்கோ."

"லண்டன்காரா ரெண்டு காவலுக்கும் சம்பளம் அனுப்பிண்டுதானே இருப்பா?"

"அனுப்புவா."

"ஹால்தாருக்கு?"

"யாருக்கு அங்கிள்?" என்றான் ஜெயந்த். அவனுடையதும் தூங்காத குரல்தான்.

உயிரோடிருக்கிற மனிதர்கள் யாரும் ஹால்தாருடன் போட்டி போட முடியாது. சோறு கேட்க மாட்டார், பூஜைக்கு போனஸ் கேட்க மாட்டார், மனைவி மயங்கி விழ மாட்டாள். மஹாதேவனுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

திங்கட்கிழமை காலை ஏழுக்கு யூனிஃபார்மை மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஜெயந்த் இன்னும் வரவில்லை. சுவர்த்தடத்திலிருந்து ஈரம் தரை வரை வழிந்திருந்தது. பீடி வாசனை இல்லை. பீடி பிடிக்கக் கூட நேரமில்லை போலிருக்கிறது. இப்போது இருபத்துநாலு மணி நேரமும் அவர்தான்.

யாரோ மூச்சு விட்டார்கள். மாடிப்படி ஏறி வந்தவர் விடுகிற மூச்சு.

பிறகு, காதுக்குப் பக்கத்தில், வங்காள மொழியில்:

"ரிலீவர் வந்தாச்சா?"

மஹாதேவனின் கையிலிருந்து யூனிஃபார்ம் விழுந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் இருந்த அலுப்பு அவருக்குத் தெரிந்த அலுப்பு. தினமும் வீட்டுப் படியேறும்போது தன் தொண்டையிலிருந்தே அதைக் கேட்டிருக்கிறார்.

சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். சொல்லக் கூடாது என்றதைச் சொன்னார்.

"சார்ஜ் எடுத்துண்டேன் தாதா. நீங்க போங்கோ."

கேட் திறந்தது. செருப்பில்லாத கால்கள், ஒன்றை இழுத்து இழுத்து, தெருவில் இறங்கித் தேய்ந்து மறைந்தன. சுவர் காய்ந்தது.

சாவியைத் திரும்ப மாட்டக் கை போனது. மாட்டவில்லை. மாட்டினால் அந்த மனிதரை மறுபடி கூப்பிட்டதாகிவிடும். பையில் போட்டுக்கொண்டு, கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தார். சம்பளமில்லாத வேலையை யார் பார்ப்பார்கள்? பகல் முழுக்கத் தூங்கினார். காமு இரண்டு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

மாலை ஏழு மணி. சந்து வீடுகளில் விளக்கேற்றிச் சங்கு ஊதினார்கள். காமு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வாசனையை விலக்கிக்கொண்டு நனைந்த கம்பளி வாசனை உள்ளே வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"யாரோ தாதா வந்திருக்கார்," என்றாள் காமு, கதவைத் திறந்துவிட்டு. "வாசல்ல குரல் கேக்கறது. ஆளைத்தான் காணலை."

"மஹாதேவன் பாபு," என்றது குரல். நன்றாகத் தூங்கி எழுந்த குரல். "கேட்டில் போய்ப் பார்த்தேன், நீங்கள் இல்லை. சாவி எங்கே இருக்கிறதோ, போஸ்ட் அங்கேதானே. தேடிக்கொண்டு வந்தேன்."

சட்டைப் பையில் சாவி சில்லிட்டது. எடுக்கக் கை வைத்தார். பை காலி. சாவி காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடிக்கொண்டிருந்தது.

காமுவின் அடுப்புக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில், தோள் உயரத்தில் ஒரு தடம் மெல்ல வேர்த்தது.

"சார்ஜ் எடுத்துக்கொண்டேன் பாபு," என்றது குரல், மிகுந்த மரியாதையுடன். "இனி நீங்கள் போகலாம்."

எங்கே என்று கேட்க மஹாதேவன் வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய கால்கள், டூட்டி முடிந்த கால்கள், தாமாகவே செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தன.