ஈறோரம் மூன்று முக்கோணங்கள்

"வீ...ல்ல்ல்!"

திங்கட்கிழமை காலை எட்டு மணி. நர்ஸ் மேய்-பிரிட் அலறியதில், கோத்தன்பர்க் ட்ராம் ஒன்று நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்றது.

பல் டாக்டர் டூரே பெர்க்வால், நோயாளி நாற்காலியில் மல்லாந்திருந்தார். வாய் ஆவென்று திறந்திருந்தது. முதல்முறையாக அதிலிருந்து அறிவுரை எதுவும் வரவில்லை!

பக்கத்தில், ரத்தம் தோய்ந்த பித்தளைக் கோப்பை. 'ஆண்டின் சிறந்த புன்னகை' விருது.

"எப்போ போனார்?" என்றாள் இன்ஸ்பெக்டர் குன்வோர்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்குல" என்றான் சப்-இன்ஸ்பெக்டர் சிக்ஸ்டன். "கையில ஏதோ ஃபோட்டோ... பாரு."

முகமே இல்லாத படம். வெறும் வாய்!

மேலே 'முன்'. முன்பற்களுக்கு இடையே, ஈறோரமாய், மூன்று கறுப்பு முக்கோணங்கள். கீழே 'பின்'. மூன்றும் மாயம்! தேதி, வெள்ளிக்கிழமை.

"ஈறு இறங்கினா இப்படி சந்து விழும்" என்று மூக்கை உறிஞ்சினாள் நர்ஸ். "கம்பி கட்டி நெருக்கலாம். மேலே மெல்லிசா ஓடு ஒட்டலாம். அவசரக்காரங்களுக்குப் பல் கலர் பசையை அடைச்சு, நீல லைட் அடிச்சா... ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது."

"யார் வாய் இது?"

"தெரியாது. அந்த ஆள் வந்தப்ப என்னை வெளியே அனுப்பிட்டார். 'இதை ஜன்னல்ல பெருசா ஒட்டப் போறேன், பேரோட'ன்னு மட்டும் சொன்னார்."

டாக்டர் செல்போனில் கடைசி அழைப்பு... ஃபோல்கே லிண்ட்மார்க்!

'பிறந்தபடியே இரு' என்ற புத்தகம் எழுதிய மகான். ஷாம்பு போடுவதே பாவம் என்று டிவியில் முழங்குபவர். இருவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"சனிக்கிழமையா? மச்சினன் வீட்டு ஆத்து இறால் விருந்து!" ஃபோல்கே ஒரு படத்தை நீட்டினார். "பதினாலு பேர். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கிளாஸ் சாராயம். அவங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. படம் பொய் சொல்லாது!"

காகிதத் தொப்பி. நிலா விளக்கு. நடுவில் ஃபோல்கே, வாயெல்லாம் சிரிப்பு.

"போச்சு... ஆள் இவரில்ல" என்று முனகினான் சிக்ஸ்டன்.

குன்வோர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஃபோல்கே... இந்த விருந்துல வருஷா வருஷம் என்ன மாறும்?"

"எதுவும் மாறாது! அதே தொப்பி, அதே விளக்கு, அதே பாட்டு. அதான் நம்ம பண்பாடு! ஹா ஹா!"

எதிரே சிரித்த வாயில் சந்தே இல்லை. பளபள!

"அதனால போன வருஷப் படம் இந்த வருஷத்துக்கும் செல்லும்னு நினைச்சே. ஆனா படத்துல உன் பல்லுல மூணு சந்து. ஒண்ணுல கீரை வேற! வெள்ளிக்கிழமை அடைச்ச சந்துல, சனிக்கிழமை எப்படிப்பா கீரை சிக்கும்?"

மகானின் வாய் பட்டென்று மூடியது.

"பேரோட ஒட்டுவேன்னான்... கெஞ்சினேன். சிரிச்சான். கோப்பை கைக்கு எட்டுச்சு..."

விலங்கு 'க்ளிக்' என்றது.

"குன்வோர்... ஒரே ஒரு உதவி!"

"வக்கீல் வேணுமா?"

"அதெல்லாம் வேண்டாம். கொலையை ஒத்துக்கறேன், எங்க வேணாலும் கையெழுத்து போடறேன். பல்லு விஷயத்தை மட்டும் வெளியே விட்டுடாதே!"

குன்வோர் கதவைத் திறந்தாள்.

"'முன்' படம் கைவசம் இருக்கு. 'பின்' படம் ஸ்டேஷன்ல எடுப்பாங்க, வா... ரெண்டையும் பேரோட பேப்பர்ல போட்டுடலாம்!"