முன்வண்டி வேகம்

கரடிமலைச் சாலையில் வேகப் பலகைகளைப் பிடுங்கி எறிந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது எல்லா வண்டியிலும் முன்சொல்லி இருக்கிறது. உள்ளங்கை அகலப் பெட்டி. முன்னால் போன வண்டி ஒரு வளைவில் என்ன வேகத்தில் போனதோ, அதைப் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லும். மழையோ மூடுபனியோ, ரோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் போனவன் போய்விட்டான் அல்லவா, நீயும் போ. அவ்வளவுதான் அதன் மூளை. இதைக் கண்டுபிடித்தவனுக்கு மாலை வேறு போட்டார்கள்.

பவுன்ராசு அதை நம்பியதில்லை. அபராதத்துக்குப் பயந்து மாட்டியிருந்தான்.

அன்று விடிந்தும் மழை விடவில்லை. மலையிலிருந்து ஜீப்பை இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மனைவி ஒச்சம்மாள், பட்டுச்சேலையில். ஒன்பது மணிக்குக் கீழே கல்யாணம். அவள் தம்பி தவமணி கால் மணி நேரம் முன்னாலேயே காரில் போயிருந்தான்.

"எந்தம்பி இந்நேரம் மண்டபத்துல காப்பி குடிச்சிருப்பான். நீங்க இன்னும் உருட்டிக்கிட்டு இருக்கீக."

"உந்தம்பிக்கு ரோடு தெரியுதோ என்னமோ. எனக்கு வண்டி மூக்கே தெரியல."

"அதான் பெட்டி சொல்லுதுல்ல!"

பெட்டி பெண் குரலில் சொன்னது: "பதினேழாம் வளைவு. முன்வண்டி வேகம் எழுபது. சாலை நன்று."

பவுன்ராசு பிரேக்கை மிதித்தான். பதினேழாம் வளைவு கொண்டை ஊசி. காய்ந்த நாளிலேயே அது முப்பதுக்கு மேல் சொன்னதில்லை.

"மழைக்கு எண்ணு இறங்கணும்டி. ஏறுது."

"ரோட்ட அகலப்படுத்தியிருப்பாக."

"ராத்திரியோட ராத்திரியாவா?"

பின்னால் ஹாரன் அலறியது. ஒரு வேன் உரசுவதுபோல் முந்தியது. ஓட்டுகிறவன் தலையை நீட்டி, "பெருசு, மாடு பூட்டி ஓட்டு!" என்றான். பனி அவனை விழுங்கியது. ஹாரன் சத்தம் பாதியில் அறுந்தது.

"முன்வண்டி வேகம் தொண்ணூறு. சாலை நன்று."



பவுன்ராசு ஜீப்பை நிறுத்தி இறங்கி, காலால் தடவித் தடவி நடந்தான். பன்னிரண்டாவது எட்டில் தார் முடிந்தது. அதற்கப்பால் மலையே இல்லை. மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. முதலில் வந்தவன் நேற்றைய வெயிலின் எண்ணை நம்பி வந்திருக்கிறான். விழும்போது வேகம் கூடியிருக்கிறது. ஓடுகிறதா விழுகிறதா என்று பெட்டிக்குத் தெரியாது. கூடிய எண்ணை அடுத்தவனுக்குக் கொடுத்திருக்கிறது. அவன் இன்னும் வேகமாக வந்திருக்கிறான்.

கீழே பனிக்குள்ளிருந்து நாலைந்து பெண் குரல்கள் கேட்டன. எல்லாம் ஒரே குரல்.

"சாலை நன்று."

அவன் திரும்பி வந்து ஜீப்பை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினான். பெட்டி உடனே சொன்னது: "நின்ற வண்டி கணக்கில் சேராது. பின்வண்டிக்கு வேகம் தொண்ணூறு."

"எந்தம்பி?" என்றாள் ஒச்சம்மாள்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கேட்கக்கூடாத இடத்தில் கேட்டாள். பெட்டியிடம் குனிந்து, "தவமணி கார் எங்க இருக்கு?" என்றாள்.

"முன்வண்டிகள் சென்றுவிட்டன."

மேலே பதினாறாம் வளைவில் ஒரு பஸ் கியர் மாற்றாமலே இறங்கும் சத்தம் கேட்டது. ஒச்சம்மாள் செருப்பை உதறிவிட்டு, முந்தானையை வீசிக்கொண்டு மேட்டில் ஓடினாள். "வராதீக! வேகமா வராதீக!" பவுன்ராசு பின்னால் ஓடினான். பனியில் இரண்டு மஞ்சள் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

ஆளில்லாத ஜீப்பில் பெட்டி பேசியது.

"நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்."