கப்பலைத் துரத்திய ஆவி

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் அப்பா சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுவார். வாரம் முழுவதும் சைக்கிள் கடையில் செயின் எண்ணெயில் ஊறிய கை. அந்தக் கையோடு இசைத்தட்டைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பிறகு தட்டை விளிம்பில் பிடித்து வெளியே எடுப்பார். ரெக்கார்ட் பிளேயரில் வைத்து முள்ளை மெல்ல இறக்குவார். வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் ஓர் அம்மாள் உச்சக் குரலில் பாடத் தொடங்குவாள்.

“இந்தம்மாவுக்குப் பல் வலியா?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள். வாரம் தவறாமல் கேட்பாள்.

“இது ஓபரா. நாடகம் முழுக்கப் பாட்டுதான். பல் வலிச்சாலும் இவங்க பாடித்தான் சொல்லுவாங்க,” என்று அப்பாவும் வாரம் தவறாமல் பதில் சொல்லுவார்.

அப்பாவுக்கு அப்படி ஒரு பித்து. பெரிய இசையமைப்பாளர்களின் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஆளுக்கொரு செல்லப் பெயரும் வைத்திருந்தார். பீத்தோவன் அவருக்குப் ‘பரட்டை’. ஐந்து வயதிலேயே இசை எழுதத் தொடங்கிய மொசார்ட் ‘பொடியன்’. சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் அவர்களைப் பற்றிப் பேசுவார்.

அந்த நேரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில், மர பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரும் உரிமை ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் பெயர் கடுகு. பத்து வயதுக்கு ஆள் ரொம்பச் சிறியவள். ஆனால் காரம் குறையாது என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் அதைத் திருப்பிப் போடுவது அவள் வேலை. ஆறு வயதிலிருந்து செய்கிறாள். ஒரு கீறல் விழுந்ததில்லை.

எல்லாம் அந்தக் காய்ச்சல் வரும்வரைதான்.

ஒரு ஞாயிறு அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள். வந்த மூன்றாவது நாளே கடுகு அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தாள். அவளுடைய அம்மா நாடக அரங்கில் வயலின் வாசிப்பவர். அதனால் கொக்குக்கு இசை என்றால் தண்ணீர் பட்ட பாடு. அன்று தட்டைத் திருப்பிப் போட்டது கொக்கு. அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். வந்தவள் எங்கே உட்கார்ந்தாள்? பெஞ்சின் இடது ஓரத்தில். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான்.

“இப்ப பின்னாடி ஊதுறது என்ன வாத்தியம், சொல்லு பார்ப்போம்?” என்று அப்பா கேட்பார்.

கடுகு யோசித்து வாயைத் திறப்பதற்குள் கொக்கு சொல்லிவிடுவாள். “கிளாரினெட் மாமா. இப்ப அதுகூட ஒரு செல்லோவும் சேருது.”

“அடடா, என்ன காதும்மா உனக்கு. அருமை கண்ணு.”

கண்ணு. அது அப்பா கடுகைக் கூப்பிடும் பெயர். அன்று இரவு அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கொக்கின் காதில் வண்டு போகட்டும், தேள் போகட்டும் என்று கரித்துக் கொட்டினாள். பொறாமை பொல்லாதது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொல்லாததாக இருந்தால் இருக்கட்டும் என்று கடுகு நினைத்தாள்.

இதற்கிடையில் அப்பாவுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. தெருமுனை நூலகத்தில் சனிக்கிழமை நாலு மணிக்கு ஓர் ஓபராவைப் போட்டுக் காட்டிக் கதை சொல்ல வேண்டும் என்று நூலக அம்மா கேட்டிருந்தார். எந்த ஓபரா என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. எட்டு வருடத்துக்கு முன் அதே நூலகம் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவர்தான் எடுத்து வந்தார். மூன்று தட்டுகள் கொண்ட பெட்டி. பாட்டுப் புத்தகம் தொலைந்துபோயிருந்தது. மொழியும் தெரியாது. பாட்டைக் கேட்டுக் கேட்டு அப்பாவே கதையைக் கண்டுபிடித்திருந்தார்.

கதை இதுதான். ஒரு தையல்காரி ஒரு மாலுமியைச் சந்திக்கிறாள். சந்தித்த கொஞ்ச நேரத்தில் செத்துப் போகிறாள். பிறகு ஆவியாக வந்து கொஞ்சிப் பேசுகிறாள். மாலுமி பயந்து கப்பலேறி ஓடுகிறான். ஆவி கடலில் நீந்திப் போய்க் கப்பலைப் பிடிக்கிறது. வேறு வழியில்லாமல் அவன் ஆவியையே கல்யாணம் செய்துகொள்கிறான். கடைசியில் பெரிய விருந்து. எல்லாரும் பாடுகிறார்கள்.

கடுகுக்கு உலகத்திலேயே பிடித்த கதை அது.

புதன்கிழமை மாடிப்படியில் கொக்கு அவளை வழிமறித்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மாமா தட்டை வரிசை மாத்திப் போடுறாரு.”

“எங்கப்பாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?”

“எங்கம்மா இந்த ஓபராவுக்கு வாசிச்சிருக்காங்க. நான் பல தடவை பார்த்திருக்கேன். அதுல ஆவியே கிடையாது. அவ கடைசியிலதான் சாவா.”

கடுகு நம்பவில்லை. அப்பா கடையில் இருந்த நேரத்தில் இருவரும் முதல் தட்டை எடுத்துப் பார்த்தார்கள். முன்பக்கம் ‘1’ என்று இருந்தது. பின்பக்கம் ‘நூலகச் சொத்து’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கொக்கு நகத்தால் அதன் ஓரத்தை மெல்ல உரித்தாள். அடியில் ‘6’ என்று அச்சாகி இருந்தது.

“அந்தக் காலத்துல தட்டுங்களை அடுக்கி வெச்சா ஒண்ணொண்ணா தானா விழுற மெஷின் இருந்துச்சாம். மூணு தட்டும் ஒரு பக்கம் பாடி முடிச்சதும் மொத்தமா திருப்பி வைக்கணும். அதான் ஒண்ணாம் பக்கத்துக்குப் பின்னாடி ஆறு. ரெண்டுக்குப் பின்னாடி அஞ்சு. மூணுக்குப் பின்னாடி நாலு,” என்றாள் கொக்கு. “மாமாகிட்ட சொல்லவா, வேணாமா?”

கடுகின் மனத்தில் அப்போதுதான் அந்த யோசனை முளைத்தது. அப்பாவுக்கு யாராவது தப்புக் கண்டுபிடித்தால் ஆகாது. ‘ஹேண்டில் கொஞ்சம் கோணலா இருக்குங்க’ என்று ஒருமுறை தபால்காரர் சொன்னதற்கு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தவர் அவர். ஊர் முன்னால் ஒரு சின்னப் பெண் திருத்தினால்? அதற்குப் பிறகு கொக்கைப் பெஞ்சில் உட்கார வைப்பாரா?

“இப்ப சொல்லாத,” என்றாள் கடுகு, முகத்தைப் பால் போல வைத்துக்கொண்டு. “சனிக்கிழமை நூலகத்துல, எல்லாரும் இருக்கும்போது எழுந்து சொல்லு. அப்பாவுக்குத் தப்பைத் திருத்துறவங்களை ரொம்பப் பிடிக்கும்.”

“நிஜமாவா?”

“சத்தியமா.”

கொக்கு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி,” என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கொக்கும் அப்படியே கெடட்டும் என்று கடுகு குதித்துக்கொண்டு படியிறங்கினாள்.

சனிக்கிழமை காலை அப்பா கடையைத் திறக்கவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார்.

“அன்பர்களே, இப்பத்தான் ஆவி கடல்ல குதிக்குது.” கையை வீசினார். திருப்தி வரவில்லை. மறுபடி வீசினார். கடுகைப் பார்த்ததும் கூச்சமாகச் சிரித்தார்.

“தபால்காரர் வர்றாராம். பேக்கரிக்காரர், பல் டாக்டர், உங்க கணக்கு டீச்சர்கூட வர்றாங்களாம். இவங்களுக்கெல்லாம் என்னைப் பஞ்சர் ஒட்டுறவனாத்தான் தெரியும். எனக்குள்ள இது ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியப்போகுது, இல்ல?”

கொக்குக்கு வைத்த கண்ணியில் அப்பாவின் கால் அல்லவா மாட்டப்போகிறது? கணக்கு டீச்சர் சிரிப்பார். பல் டாக்டர் சிரிப்பார். அப்பா தேய்த்த சட்டையோடு நடுவில் நிற்பார்.

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் அப்பா என்ன சொல்லுவார்? ‘என்ன காது அந்தப் பொண்ணுக்கு’ என்பார். இன்னும் பத்துத் தடவை கண்ணு என்பார். நானே கண்டுபிடித்தேன் என்று சொன்னால் என்ன? தாளை உரித்ததை வேறு யாரும் பார்க்கவில்லையே. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அப்பா, தட்டு வரிசை தப்பு. ஒண்ணுக்குப் பின்னாடி ஆறு இருக்கு. கண்டுபிடிச்சது நான் இல்ல. மாடி வீட்டுக்காரி.”

அப்பா தட்டை எடுத்து உரிந்த ஓரத்தைப் பார்த்தார். மற்ற தட்டுகளின் தாளையும் உரித்துப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. இன்றிலிருந்து இரண்டு நாள் பேசமாட்டார் என்று கடுகு மனத்துக்குள் எண்ணத் தொடங்கினாள்.

“மணி பத்துதானே ஆகுது,” என்றார் அப்பா கடைசியில். “அவளைக் கூட்டிட்டு வா. சரியான வரிசையில கேட்டுப் பார்ப்போம்.”

படியேறிப் போய்க் கதவைத் தட்டியபோது கடுகுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீ நூலகத்துல எழுந்து சொல்ல வேணாம். உன்னை மாட்டி விடத்தான் அப்படிச் சொன்னேன்.”

“தெரியும்,” என்றாள் கொக்கு. “உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்துச்சு. நானும் சொல்றதா இல்ல.”

“அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?”

கொக்கு கதவுத் தாழ்ப்பாளைத் திருகினாள். “முடியாதுன்னா நீ என்கூடப் பேசவே மாட்டியோன்னு நினைச்சேன். எங்கம்மா வாசிப்பாங்க. நான் தூரத்துல உட்கார்ந்து கேட்பேன். பக்கத்துல உட்கார்ந்து இது என்ன வாத்தியம்னு அவங்க கேட்டதே இல்ல. எப்பவும் அவசரம். உனக்கு வாரா வாரம் கிடைக்குது. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அதான் முந்தி முந்திப் பதில் சொன்னேன்.”

தன்மேல் ஒருத்தி பொறாமைப்பட முடியும் என்று கடுகு நினைத்ததே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“சரி வா,” என்றாள். “கையை மட்டும் ரெண்டு தடவை கழுவிட்டு வா.”

சரியான வரிசையில் போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. இதுவரை தட்டைத் திருப்பினால் போதும். இப்போது ஒன்றை எடுத்து உறையில் போட்டு, அடுத்ததை உருவி, எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்க வேண்டும். அதற்குள் பாட்டின் சூடு ஆறிவிடும். ஆளுக்கு இரண்டு கைதான். அதனால் ஒருத்தி எடுத்தாள், ஒருத்தி வைத்தாள். நாலாம் பக்கம் வருவதற்குள் இருவருக்கும் கை பழகிவிட்டது.

தையல்காரி மாலுமியைச் சந்தித்தாள். காதலித்தாள். கல்யாணம் நடந்தது. விருந்தும் நடந்தது. பிறகு அவன் கப்பலேறிப் போனான். அவள் கரையில் காத்திருந்தாள். அவன் வரவே இல்லை. ஆறாம் பக்கத்தில் அவள் குரல் மெலிந்து மெலிந்து நின்றது.

முள் வெறும் தட்டில் உரசிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

“எட்டு வருஷமா செத்துச் செத்து எழுந்து வந்தா,” என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது. “இன்னைக்குத்தான் நிஜமா போயிட்டா.”

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மா, இன்று பல் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்தப் பாவி ஒரு கடுதாசியாவது போட்டிருக்கலாம்,” என்றாள்.

நூலகத்தில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டு பெண்களும் தட்டுகளோடு தயாராக நின்றார்கள். அப்பா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? எட்டு வருடமாகத் தான் தப்பாகக் கேட்ட கதையைத்தான் சொன்னார். ஆவி கடலில் குதித்த இடத்தில் கையை வீசினார். காலையில் வீசியதைவிட நன்றாக வந்தது. பல் டாக்டர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கணக்கு டீச்சருக்குப் புரையேறியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அப்பாதான்.

“இந்தப் பொண்ணு காது கண்டுபிடிச்சுது. என் பொண்ணு தைரியமா வந்து சொன்னா,” என்றார். “இப்ப நிஜக் கதையைக் கேளுங்க.”

ஆறாம் பக்கம் முடிந்தபோது தபால்காரர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும் நேரத்தில், முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் ஓடி வந்து அப்பாவின் சட்டையை இழுத்தாள். பேக்கரிக்காரரின் மகள்.

“மாமா, அந்த முதல் கதைதான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆவி வர்ற மாதிரி ஒரு தடவை போடுறீங்களா?”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படிக் கேளு. சபாஷ். ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வா, என் பக்கத்துல உட்கார்ந்து கேட்கலாம்.”

தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

“பக்கத்துலயா?” என்றாள் கொக்கு.

“பெஞ்சு அவ்வளவு நீளம் இல்லையே,” என்றாள் கடுகு.

மறுநாள் இரண்டு பேரும் இரண்டே முக்காலுக்கே பெஞ்சுக்குப் போய், அப்பா உட்காரும் இடத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி என்று நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.