ஷோரூமா... வெளி மெக்கானிக்கா?

சிக்னலில் பச்சை விழுந்தது. எல்லா வண்டியும் கிளம்பியது... அவளுடைய கார் மட்டும் செத்துப்போய் நின்றது.

மழை சாத்து சாத்தென்று சாத்திக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் ஐஸ் பெட்டி. அதற்குள் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி வாங்கிய ரத்தக் குப்பிகள். ஐஸ் உருகுவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். அதுதான் அவள் பிழைப்பு. சாவியைத் திருகினாள். என்ஜின் இருமியது, அடங்கியது. பின்னாலிருந்த ஹாரன்கள் எல்லாம் சேர்ந்து அவளைத் திட்டின.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நனைந்த முகம். புருவத்திலிருந்து தண்ணீர் வழிய வழிய, அதற்குள்ளும் சிரிக்கிற கண்கள்...

அவள் முதல் வேலையாகக் கதவைப் பூட்டினாள்.

"நியூட்ரல்ல போடுங்க, தள்ளி விடறேன்!"

கண்ணாடியை விரலளவு இறக்கினாள். "நீங்க யாரு?"

"மெக்கானிக்."

"என் வண்டி நின்ன நிமிஷத்துல, கரெக்டா பின்னாடி ஒரு மெக்கானிக்கா?"

"அம்மா தாயே... நீங்க நின்னதாலதான் நானும் நிக்கறேன். நீங்க போயிருந்தா நானும் போயிருப்பேன்!"

ஓரமாகத் தள்ளிவிட்டான். சற்று ஆறியதும் என்ஜின் எதுவுமே நடக்காதது போல உறுமியது. ஈரமான விசிட்டிங் கார்டு ஒன்றைக் கண்ணாடி இடுக்கில் செருகினான். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் சிறிதாகிக்கொண்டே போவதை மட்டும் பார்த்தாள்.

நல்ல கண்ணுதான்... ஏமாத்தறவங்களுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. இந்தக் காரையே அவள் தலையில் கட்டியது சொந்த தாய்மாமன். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்பதை மறைத்து, "உனக்குன்னு குடுக்கறேன் கண்ணு" என்று கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ஒரு ஒர்க் ஷாப்பில் புது பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டி அனுப்பினார்கள். அன்றிலிருந்து வண்டியை யார் கையில் கொடுப்பதானாலும், முந்தின நாளே பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்திலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். பொட்டு இருந்தால் பொருள் தன்னுடையது.

போன மாதம் சாதாரண சர்வீசுக்கு ஷோரூமில் விட்டு எடுத்தபோதும் எல்லாப் பொட்டும் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகுதான் வண்டி சூடானால் நிற்கிற இந்த வியாதி.

மறுநாள் அதே ஷோரூமுக்குப் போனாள். குளிர்ந்த கண்ணாடிக் கூடம். டை கட்டிய பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"என்ஜினுக்குக் காத்து விடற த்ராட்டில்ல இருந்து சிக்னல் வரலைன்னு காட்டுது மேடம். த்ராட்டில் முழுசா மாத்திடலாம்."

"கழட்டிப் பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே மேடம்..."

அவன் சொன்ன விலைக்கு அவள் வாய் வறண்டது. லேப் சூப்பர்வைசரோ காலையிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ சாம்பிள் லேட்டாச்சுன்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து கண்ணைக் கசக்காதே."

யாரை நம்புவது? யாரையும் இல்லை. ஷோரூம் சொன்னதைச் சொல்லாமல் வெளி மெக்கானிக்கிடம் காட்டுவது, அவன் சொல்வதை ஷோரூமில் சொல்லாமல் இருப்பது... இரண்டு பொய்யும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். கைப்பையிலிருந்த கார்டு காய்ந்து மொறுமொறுத்திருந்தது.

தகரக் கூரை போட்ட பட்டறை. வாசலில் அவனுடைய அக்கா, வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி! மழையில கதவைப் பூட்டுன பொண்ணுன்னியே, அது வந்திருக்கு!"

அவன் வண்டிக்கடியிலிருந்து வெளியே உருண்டு வந்தான். முகம் சிவந்திருந்தது. புழுக்கமா, வெட்கமா என்று தெரியவில்லை.

"விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்."

"இங்கயே நிக்கறேன்."

"வேலையாவும்ங்க."

"காலு என்னோடதுதானே?"

அவன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினான். உற்றுப் பார்த்தான். "என்னங்க இது... வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இவளுக்குச் சுள்ளென்றது. மாமாவில் தொடங்கி பேட்டரி வரை எல்லாக் கதையையும் கொட்டினாள். "அடையாளம் அது. வெளிய வெச்சா துடைச்சிடறாங்கன்னு, போன தடவ ஒயர் மாட்டற கனெக்டரைக்கூட கழட்டி, பொட்டை உள்ளேயே வெச்சேன். என்னை இனிமே ஒருத்தனும் ஏமாத்த முடியாது!"

அவன் சிரிப்பு மெதுவாக நின்றது.

"எந்தக் கனெக்டர்?"

"எல்லாத்திலயும்தான்... ஏன்?"

"ஒண்ணுமில்ல. அக்காகிட்ட டார்ச் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்..."

டார்ச்சோடு திரும்பியபோது அவன் எதையோ மாட்டி முடித்திருந்தான். கையிலிருந்த துணியை அவசரமாகப் பைக்குள் திணித்தான்.

"சரியாயிடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

"என்ன ஃபால்ட்டு?"

"சின்னதுதான்."

"சின்னதுன்னா?"

"...லூஸ் கனெக்‌ஷன்."

"எவ்வளவு தரணும்?"

"அதெல்லாம் வேணாம்."

அத்தனை நேரம் சிரித்த கண்கள் இப்போது தரையைப் பார்த்தன. காசு வாங்காத மெக்கானிக்கா? நான் அந்தப் பக்கம் போனதும் எதையோ கழட்டிட்டான்...

கார் நிற்கவில்லை. வெயிலில் ஓடியது, ஏற்றத்தில் ஓடியது, நெரிசலில் ஊர்ந்தபோதும் மூச்சுவிடாமல் ஓடியது. நன்றாக ஓட ஓட அவளுடைய சந்தேகமும் நன்றாக ஓடியது. வெளியே தெரிகிற பொட்டுகளை எண்ணினாள், எல்லாம் இருந்தன. அதுவும் சந்தேகமாயிருந்தது.

பட்டறை நோட்டில் அவள் எழுதிவிட்டு வந்த நம்பருக்கு ஒரு மத்தியானம் அவன் போன் செய்தான். "வண்டி எங்கயாவது நின்னுச்சாங்க?"

"ஏன்... நிக்கும்னு எதிர்பார்க்கறீங்களா?"

எதிர்முனையில் பெருமூச்சு. "இல்லைங்க. நல்லா இருங்க."

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கேள்வி. அவளும் அதே பதில். ஆனால் போனை வைத்த பிறகு அந்தக் குரல் காதைவிட்டுப் போகமாட்டேனென்றது.

"ஏண்டி, கார் ஓடுதில்ல? அப்புறம் என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றாள் அம்மா.

"அதான்மா... ஏன் ஓடுதுன்னு தெரியல."

விடுப்பு நாளில் மறுபடி ஷோரூமுக்குப் போனாள். இந்த முறை டை கட்டியவனை விட்டுவிட்டு, "வேலை செய்யறவரை வரச் சொல்லுங்க, கழட்டிப் பாக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றாள். உள்ளேயிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். அவள் கண்ணெதிரேயே ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"எதுவும் திருடு போகலம்மா. பழசு எல்லாம் அப்படியே இருக்கு." த்ராட்டில் கனெக்டரை வெளிச்சத்தில் திருப்பினார். "அட... இதுல யாரோ சிவப்பா எதையோ ஊத்தியிருந்திருக்காங்க. பின்னு மேல காய்ஞ்சு ஒட்டியிருக்கும். சூடானா கரண்டு போகாது, வண்டி நின்னுடும். யாரோ ஊசியால சுரண்டி, அழகா சுத்தம் பண்ணியிருக்காங்க. அன்னிக்கே நாங்க கழட்டிப் பாத்திருக்கணும்... பாக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

அவளுக்குக் காதெல்லாம் கொதித்தது. "இருக்காங்க சார்" என்றாள் மெதுவாக. "வீட்லயேதான் இருக்காங்க."

பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் மழை. குடையை எடுக்கக்கூடத் தோன்றாமல் இறங்கி, நேராக அவன்முன் போய் நின்றாள்.

"ஷோரூம்ல கழட்டிப் பாத்துட்டாங்க. என் வண்டியை நிறுத்தினது நான்தான்னு ஏன் சொல்லல?"

அவன் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. அக்கா சத்தமில்லாமல் உள்ளே போனாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

"அன்னிக்கு மாமா, பேட்டரிக்காரன்னு ஒவ்வொருத்தரா சொன்னீங்க. கடைசியில 'இனிமே ஒருத்தனும் ஏமாத்த முடியாது'ன்னு நிமிர்ந்து நின்னீங்க... அப்ப போய், அதை உடைக்க எனக்கு வாய் வரலைங்க."

"பாவம் பாத்தீங்களா? நான் ஒண்ணும் பாவப்பட்டவ இல்ல!" அவள் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள். "எங்க மாமாவும் இப்படித்தான், மனசு நோகுமேன்னுதான் மறைச்சாராம். நீங்க மறைச்சதுக்குப் பேரு என்ன?"

அவன் பதில் தேடவில்லை. "அதுவும் ஏமாத்துதான். தப்பு என்னோடது" என்றான்.

இப்படி ஒரு வார்த்தையை ஓர் ஆண் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கோபம் பிடிமானமில்லாமல் தடுமாறியது.

"வேற எதையாவது மறைச்சிருந்தா... இப்பவே சொல்லிடுங்க."

தகரத்தில் மழை இரைந்தது. அவன் நெடுநேரம் கையைத் துடைத்தான்.

"போன் பண்ணது... வண்டிக்காக இல்ல."

அவளுடைய தலைமுடியிலிருந்து சொட்டிய நீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன்..."

"சொல்லுங்க. திருடன்னு நெனச்சுத்தானே ஷோரூமுக்குப் போனீங்க? பரவாயில்ல."

"இல்ல." முதன்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "நீங்க திருடன் இல்லைன்னு அவங்க வாயால கேக்கணும்னு போனேன். அவர் ஒவ்வொண்ணா கழட்டறப்ப, எதுவும் காணாம போயிருக்கக் கூடாதேன்னு... வண்டிக்காக வேண்டிக்கல. உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்..."