சாவி வழங்கும் விழா

செவ்வாய் கிரகத்தில் வண்டி திருடுபோனால் யாரும் தலையில் கைவைத்து உட்காருவதில்லை. காவலிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ போடுவார்கள். டீ ஆறுவதற்குள் வண்டி பிடிபட்டுவிடும்.

தவசியப்பன் அன்று காலை முகமூடியை மாட்டிக்கொண்டு காற்றுப்பூட்டைத் திறந்தால், வெளியே செம்புழுதியில் சக்கரத் தடம்தான் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவனும் டீதான் போட்டிருப்பான். அன்று அதற்கு நேரமில்லை. அவன் மனைவி பூரணி பிரசவத்துக்காக வடகுமிழ் நகரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். கிரகமே மாறினாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் நம்மவர்கள் கறாராக இருந்தார்கள். வலி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தான். குமிழ் விட்டுக் குமிழ் போகச் சொந்த வண்டிதான் கதி. பேருந்து விடப்போவதாகக் குடியேற்றம் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காவலிகள் என்பவை காவல் இயந்திரங்கள். மூன்று குமிழ் நகரங்களுக்கும் மூன்று காவல் நிலையங்கள் இருந்தாலும், எல்லாக் காவலிகளுக்கும் சேர்த்து ஒரே மூளை. அதற்குக் கூட்டுச்சிந்தை என்று பெயர். கீழைக்குமிழில் ஒரு காவலி பார்த்தது அதே கணத்தில் வடகுமிழ்க் காவலிக்கும் தெரியும். அதனால், பூமியில் போல, 'வண்டி நின்ற இடம் எங்கள் எல்லையில் வராது, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லுங்கள்' என்று இங்கே யாரையும் விரட்ட முடியாது.

அன்றும் குறையில்லை. வண்டியின் கணினி மூளையை மயக்கி ஓட்டிப்போன திருடனை ஒரு நிலையம் மோப்பம் பிடித்தது, இன்னொன்று வாயிலை அடைத்தது, மூன்றாவது கையும் களவுமாகப் பிடித்தது. அந்த ஒற்றுமையைப் பார்த்துத் திருடனே கைதட்டினானாம்.

தவசியப்பன் மூச்சிரைக்கத் தன் ஊரான நடுக்குமிழின் நிலையத்துக்கு ஓடினான். முற்றத்தில் அவன் வண்டி நின்றது. அதற்கு முன்பே மீட்கப்பட்ட வண்டிகள் பக்கத்தில் வரிசையாகப் புழுதி மூடி நின்றன. கிரேசம்மாள் என்ற பெண்மணி ஒரு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடுங்க சார். பொண்டாட்டிக்குப் பிரசவம், அவசரமாப் போகணும்."

"வாழ்த்துகள். சிறப்பு விருந்தினர் வந்ததும் சாவி வழங்கப்படும்" என்றது காவலி.

"எந்த விருந்தினரு?"

"இன்னும் முடிவாகவில்லை."

விஷயம் இதுதான். கூட்டுச்சிந்தைக்குத் தொழில் கற்றுத்தரப் பூமியின் பழைய காவல்துறைச் செய்திப் படங்களை மூட்டை மூட்டையாக ஊட்டியிருந்தார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மீட்ட வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், மேலே பேனர் கட்டியிருப்பார்கள், மந்திரி மாதிரிப் பெரிய மனிதர் ஒருவர் பல்லைக் காட்டியபடி சாவியை நீட்டிக்கொண்டிருப்பார். வண்டியை மீட்பதே இதற்காகத்தான் என்று அந்த அப்பாவி மூளை முடிவு கட்டிவிட்டது.

"இங்கதான் மந்திரியே கெடையாதே!"

"அதனால்தான் தாமதம்" என்றது காவலி, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"போன புழுதிப் புயலுக்கு முந்தி புடிச்ச வண்டி தம்பி இது. தெனம் வந்து துடைச்சுட்டுப் போறேன்" என்றார் கிரேசம்மாள்.

காதிலிருந்த பேசி அலறியது. மாமியார். "மாப்ள, வலி எடுத்துருச்சு. அவ உங்களத்தான் கேக்குறா. எங்க இருக்கீங்க?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "விருந்தினருன்னா என்னய்யா தகுதி வேணும்?" என்று கத்தினான்.

"ஏதேனும் ஒரு பதவி."

"காற்றுக்குழாய்ப் பயனாளிகள் சங்கத் துணைச் செயலாளர் நான்! போதுமா?"

அந்தச் சங்கம் ஒரே ஒரு தடவைதான் கூடியது, அதுவும் கைகலப்பில் முடிந்தது. காவலிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அதன் கண் பச்சையானது. "வணக்கம் ஐயா. அமருங்கள்."

மளமளவென்று வேலை நடந்தது. துண்டு போர்த்திய நாற்காலி வந்தது. மாலை வந்தது. அவன் முகம் போட்ட பேனர் ஏறியது. மூன்று நிலையத்துக் காவலிகளும் அணிவகுத்து ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தன. சேதி கேட்டு வந்த மற்ற வண்டிகளின் சொந்தக்காரர்கள் கைகட்டி நின்றார்கள். தவசியப்பனுக்குப் பிறந்ததிலிருந்து யாரும் சல்யூட் அடித்ததில்லை. உடம்பு சிலிர்த்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

காவலி சாவித்தட்டை நீட்டியது. அவன் வாங்கவில்லை. வரிசையை ஒரு பார்வை பார்த்தான்.

"மொத்தமே இவ்வளவுதானா வண்டி?"

"ஆமாம் ஐயா."

"இதுக்குப்போயி ஒரு விழாவா? போட்டோல எடுபடாது. இன்னும் கொஞ்சம் சேரட்டும், பெருசாப் பண்ணிருவோம்."

"தம்பி! அதுல உங்க வண்டியும்தான் நிக்குது!" என்று கிரேசம்மாள் பதறினார். அதற்குள் இரண்டு காவலிகள் அவரை மரியாதையாகப் பின்வரிசைக்கு நகர்த்திவிட்டன.

பொழுது சாயும் நேரத்தில் பேசி மறுபடி அலறியது. இம்முறை பூரணியே பேசினாள், களைத்த குரலில். "பொண்ணு பொறந்திருக்கு. எங்க இருக்கீங்க? வண்டி கெடைச்சிருச்சா இல்லியா?"

"கெடைச்சிருச்சு பூரணி! மூணு ஸ்டேஷனும் சேந்து பிரமாதமாப் புடிச்சுட்டாங்க."

"அப்ப கெளம்பி வர வேண்டியதுதானே?"

"அதெப்படி? சிறப்பு விருந்தினரு தேதி குடுக்கணும்ல" என்றான் தவசியப்பன், மாலையைச் சரிசெய்துகொண்டே.