ஏழாம் கொக்கி

உலகத்தில் பேய் என்று ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம் பராமரிப்புக் குறைவு மட்டுமே.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டுக் கிரேன் யார்டில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த அன்றைக்கே, எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து இதை அறிவித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன். ஐந்து நாள் பாதுகாப்புப் பயிற்சியும் எடுத்தவன். என்னை எதிர்த்து நிற்கும் அளவுக்குத் தகுதியுள்ள பேய் அந்த வட்டாரத்தில் இருக்க வாய்ப்பில்லை என்று நிஜமாகவே நம்பினேன்.

ஆடி மாதம். பகல் பதினோரு மணி வெயில். மேற்கேயிருந்து காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் காலம் அதுதான். பழுதாகும் கியர்பாக்ஸ்களைத் தூக்குவதும் இறக்குவதும் எங்கள் தொழில்.

தகரக் கொட்டகைக்குள் பத்துக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் பாரம் தூக்கும் சங்கிலி ஒன்று, மஞ்சள் பெயிண்ட் பளபளக்கத் தொங்கியது. கிரீஸ் வாடை. காற்றில் ஒன்பது சங்கிலிகள் ஆடி, ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

ஏழாம் கொக்கியில் இருந்தது ஆடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத எதையோ தூக்கிப் பிடித்திருப்பது போல விறைப்பாக நின்றது.

"எல்லாமே புதுசா?" என்று கேட்டேன். கிரேன் ஓட்டும் சித்தீக் சிரித்தார். கடையநல்லூர்க்காரர், பத்து வருஷம் துபாயில் கிரேன் ஓட்டியவர்.

"அங்கன மூணு மாசத்துக்கு ஒருக்க சங்கிலிய சோதிச்சிட்டு, அதுக்கு அடையாளமா கலர மாத்துவான் சார். இங்கன ஆயுத பூசைக்கு கலர மட்டும் மாத்துதோம்."

பாரத்துக்குச் சங்கிலி மாட்டுபவர் சாம்சன். நாற்பத்தைந்து வயது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பாரமானாலும் முதலில் ஒரு சாண் உயரம்தான் தூக்கச் சொல்வார். நிறுத்துவார். பிறகு, பாரத்துக்குக் கீழே இருக்கும் வெற்று மண்ணைப் பார்த்து மெதுவாகச் சொல்வார்:

"மருதப்பண்ணே, தள்ளி நில்லும்."

மருதப்பன் அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கிலி அறுந்து, பாரம் மேலே விழுந்து செத்தவர். அந்தச் சங்கிலியை வெட்டிப் போட்டுவிட்டதாக முதலாளி சௌந்தரபாண்டியன் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

நான் விடவில்லை. பயிற்சி வகுப்பில் 'பணியிட மூடநம்பிக்கைகள்' என்று தனியாக ஒரு பாடமே நடத்தினேன். சாம்சன் குரலில் பேசிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். சாம்சனும் சிரித்தார்.

"நல்லா செய்யுதீரு சார். ஆனா அவரு இன்னும் கொஞ்சம் மெதுவா சொன்னாத்தான் கேப்பாரு."

சங்கிலி நீண்டிருக்கிறதா என்று பார்க்க, ஐந்து வளையங்களைச் சேர்த்து அளப்பது முறை. எங்கள் சங்கிலிக்குப் புதிதில் நூற்றைம்பது மில்லிமீட்டர். நூற்றைம்பத்தேழைத் தாண்டினால் தூக்கி எறிய வேண்டும்.

ஏழாம் கொக்கிச் சங்கிலி திங்கட்கிழமை நூற்றைம்பத்திரண்டு இருந்தது.

புதன்கிழமை நூற்றைம்பத்தைந்து.

இடையில் அதை யாரும் தொடவில்லை. ஒரு கிலோ பாரம்கூட அதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நூற்றைம்பத்தெட்டு.

வளையங்களைச் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் பெயிண்ட், அதற்கும் அடியில் பெயிண்ட். மூன்று சுற்று உரிந்தபின் ஒரு வளையத்தில் வெல்டிங் தழும்பு தெரிந்தது. இந்த வகைச் சங்கிலியை ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. இது முதல் நாள் பாடம். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மருதப்பன் விசயத்துல அறுந்தது இதுதான் தம்பி. பத்த வச்சு ரெண்டு வருசமா ஓடுது. இந்த எடைக்கு வேற சங்கிலி இல்ல. சாயங்காலத்துக்குள்ள கியர்பாக்ஸ் மேலநீலிதநல்லூர் போயாவணும். சீசன் முடியட்டும், புதுசு வாங்கிருவோம். சர்டிபிகேட்ல கையெழுத்தப் போடும் வே. ஆபீசர்லா நீரு?"

வீட்டில் என் அம்மாவும் தெரு முழுக்க மகன் ஆபீசர் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். நூற்றைம்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுரண்டிய இடத்தில் என் கையாலேயே பெயிண்டும் தடவினேன்.

மதியம் காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். சாம்சன் ஏழாம் கொக்கிச் சங்கிலியைத் தோளில் போட்டபடி என்னிடம் வந்தார்.

"அளவெல்லாம் பாத்துட்டீரா சார்?"

"பாத்துட்டேன்."

"அப்ப சரி."

"சாம்சண்ணே, வெளியாள்க நிக்காங்க. இன்னைக்கு மருதப்பனுக்கு லீவு குடுங்க."

"ஒரு சாண் தூக்கி நிறுத்தவும் வேண்டாமா?"

"நேரா தூக்குங்க."

அவர் பாரத்தின் கீழே பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார்.

"அவரு அங்கனதான் நிக்காரு சார்."

நான் சிரித்தேன். சாம்சன் விசில் ஊதினார்.

கியர்பாக்ஸ் எழும்பியது. ஒரு சாண். ஓர் ஆள் உயரம். லாரி உயரம். ஆடிக் காற்றில் அது ஆடியிருக்க வேண்டும். கயிறு கட்டி நிறுத்தியது போல அசையாமல் நின்றது. திசை திருப்ப சாம்சன் கையை நீட்டியபடி கிட்டே போனார்.

கொட்டகையில் கிணுகிணுப்பு நின்றது.

மண்ணில் பாரத்தின் நிழல் விழுந்திருந்தது. அதை ஒட்டி சாம்சனின் நிழல்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழல்.

அது இரண்டு கைகளாலும் சாம்சனை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சாம்சன் ஓர் அடி பின்வாங்கினார். ஒரே ஓர் அடி.

'டங்' என்று ஒரு சத்தம்.

பெயிண்ட் வாடை அடித்தது. நான் தடவியது, இன்னும் காயாதது.

பிறகு மண் அதிர்ந்தது.

சாம்சன் செத்ததற்கான விசாரணை அறிக்கை என் கையெழுத்தில் இருக்கிறது: 'தொழிலாளியின் கவனக்குறைவு.' மருதப்பன் கோப்பிலும் அதே இரண்டு வார்த்தைகள் இருந்தன, பார்த்துத்தான் எழுதினேன். அறுந்த சங்கிலியை காஸ் கட்டரால் நானே ஒவ்வொரு வளையமாக வெட்டினேன். முதலாளி தடுக்கவில்லை. புதிதாக இரண்டு சங்கிலிகள் வந்தன. ஏழிலும், பழையதைக் கழற்றிவிட்டு எட்டிலும் மாட்டினோம்.

இப்போது இரண்டும் ஆடுவதில்லை.

திங்கள்தோறும் அளக்கிறேன். உண்மையான அளவையே எழுதுகிறேன். தொங்கவிட்ட இடத்திலேயே அவை நீள்கின்றன. நூற்றைம்பத்தேழு ஆனதும் வெட்டுகிறேன். வேறு வருகிறது. அதுவும் ஆடுவதில்லை.

சாம்சன் இடத்துக்கு வர யாரும் சம்மதிக்காததால் சங்கிலி மாட்டுவதும் நான்தான். இன்று காலையும் ஒரு பாரம். ஒரு சாண் தூக்கச் சொல்லி நிறுத்தினேன். சித்தீக் கேபினில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.

"மருதப்பண்ணே, சாம்சண்ணே... தள்ளி நில்லுங்க."

பாரத்தின் கீழே, காலடித் தடமே இல்லாத மண்ணில், பூட்ஸ் கால்கள் நகரும் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு ஜோடி. கொஞ்சம் தயங்கி, இன்னொன்று.